ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரும் நண்பன்

ஒரு கதாபாத்திரத்தின் இடத்தில் நின்று நெடுங்கதை ஒன்றை ஆடும் ஜப்பானிய ஆர்.பி.ஜி. விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கதை, இசை, சண்டை முறை ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. இத்தனை ஆண்டுகளாக என்னை இந்த வகை விளையாட்டுகளை விட்டு விலகவிடாமல் வைத்திருப்பது வேறொன்று. கதாபாத்திரங்களுக்கு இடையிலான உறவையே விளையாட்டின் ஒரு முறையாக அமைத்து, யாரிடம் போய் உட்காருவது, யாரைப் பார்க்காமல் விட்டுவிடுவது என்னும் முடிவை ஆடுகிறவரின் கையில் கொடுத்துவிடுகிற அமைப்பைத்தான் சொல்கிறேன். இந்த அமைப்பைப் பல விளையாட்டுகள் பலவிதமாகச் செய்து பார்த்திருக்கின்றன. அவற்றை ஆடிப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. திரும்ப வராத நேரத்தைக் கொடுத்து உறவைப் பெற வேண்டியிருக்கும் விளையாட்டுகள் மனத்தில் தங்குகின்றன. எல்லோரையும் எப்போது வேண்டுமானாலும் நண்பராக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் விளையாட்டுகள், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், சில மாதங்களில் பெயர்கள் கூட நினைவில்லாமல் போய்விடுகின்றன. இதை விளக்குவதற்குச் சில கதைகளின் முக்கியத் திருப்பங்களையும் முடிவுகளையும் சொல்லியாக வேண்டும். பெர்சோனா 3, பெர்சோனா 4, ஃபயர் எம்பளம்: த்ரீ ஹவுசஸ் ஆகியவற்றை இனிமேல்தான் ஆட வேண்டும் என்று இருப்பவர்கள் ஆடிவிட்டு வந்து படிப்பது நல்லது.

பெர்சோனா 3 ஜப்பானில் 2006 ஜூலையில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளிவந்தது. அட்லஸ் நிறுவனத்தின் தயாரிப்பு; இயக்கியவர் கட்சுரா ஹாஷினோ. ஏப்ரலில் ஒரு புதிய பள்ளிக்கு மாற்றலாகி வரும் மாணவனின் வாழ்க்கையை ஒவ்வொரு நாளாக நகர்த்திச் செல்கிறது. பகலில் வகுப்பு, மாலையில் யாராவது ஒருவரைச் சந்திக்கலாம், இரவில் டார்ட்டரஸ் என்னும் கோபுரத்தில் ஏறி அரக்கர்களுடன் சண்டையிடலாம். ஒருவரைச் சந்தித்தால் அன்றைய மாலை முடிந்தது. ஒவ்வொரு நண்பரும், குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டின் ஒரு சீட்டுக்கு உரியவர். அவருடனான உறவு பத்து நிலைகளாக வளர்கிறது. அந்த நிலை உயர உயர, கதாநாயகன் சண்டையில் துணைக்கு அழைக்கும் ஆவிகளில் அதே சீட்டைச் சேர்ந்தவற்றை உருவாக்கும்போது அவை கூடுதல் வலிமையோடு பிறக்கின்றன. சண்டைக்கான வலிமை நட்பிலிருந்து வருகிறது என்பதுதான் அடிப்படைக் கணக்கு. கணக்கு என்ற அளவில் அதில் பெரிய புதுமை எதுவும் இல்லை. ஆனால், அந்தக் கணக்கின் மேல் ஒரு நாள்காட்டியை வைத்தார்களே, அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. நாள்காட்டிக்கு ஒரு முடிவு இருக்கிறது. அந்த முடிவு எதற்கானது என்பது கதை பாதியைத் தாண்டும்போது மெல்லத் தெரியவருகிறது. மரணத்தைப் பற்றியதே இந்த விளையாட்டு.

அகினாரி கமிகி என்னும் இளைஞனை முன்வைத்தே இதைச் சொல்ல விரும்புகிறேன். அவனைத் தேடிப் போகாதவர்களுக்கு அவன் இருப்பதே தெரியாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், நகனாகி கோவில் வளாகத்தில் இருக்கும் பெஞ்சில் ஒல்லியான ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பிறவியிலேயே வந்த நோய் ஒன்று அவனுக்கு இருக்கிறது, மருந்தில்லை, அதிக நாள் இல்லை என்பது அவனுக்கே தெரியும். முதலில் எரிச்சலாகத்தான் பேசுகிறான். தான் எதற்காகப் பிறந்தோம் என்ற கேள்வி அவனை அரித்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கதை எழுதத் தொடங்குகிறான். இளஞ்சிவப்பு நிறத்தில் பிறந்த ஒரு முதலையின் கதை அது. அந்த நிறத்தால் மறைந்திருந்து இரை பிடிக்க அதற்கு முடிவதில்லை. மற்ற விலங்குகளும் நெருங்குவதில்லை. ஒரு சின்னப் பறவை மட்டும் அதனோடு பழகுகிறது. பிறகு அந்த முதலை தன் ஒரே நண்பனையே விழுங்கிவிடுகிறது. அதன் பின் என்ன நடக்கிறது என்பதை அகினாரி ஒரே நாளில் சொல்லிவிடுவதில்லை. அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். அந்த ஞாயிறு தேர்வுக்கு முந்தைய நாளாக இருக்கலாம், வேறு யாராவது வெளியே போகலாம் என்று அழைத்த நாளாகவும் இருக்கலாம்.

இந்தக் காத்திருப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரே மூச்சில் பத்து காட்சிகளாகப் பார்க்க முடிந்திருந்தால் அகினாரியின் கதை உருக்கமான ஒரு குறுங்கதையாக மட்டுமே இருந்திருக்கும். வாரத்தில் ஒரே நாள் என்று வரையறுத்துவிட்டதால், நடுவில் வரும் ஆறு நாட்களும் அவனுக்கும் கழிகின்றன என்ற உணர்வு வந்துவிடுகிறது. நான் டார்ட்டரஸில் ஏறிக்கொண்டிருக்கும்போது அவனுடைய உடல்நிலை மோசமாகிக்கொண்டிருக்கிறது. கதையை முடித்து நோட்டுப் புத்தகத்தை நம் கையில் கொடுத்துவிட்டு அவன் மறைந்துபோகிறான். பிறகு அதே பெஞ்சில் அவனுடைய தாயைப் பார்க்கிறோம். எத்தனையோ உலகங்களைக் காப்பாற்றும் விளையாட்டுகளை ஆடியிருக்கிறேன். அந்தத் தாயிடம் பேசிய சில வரிகளின் பாரம் அவற்றில் எதற்கும் இல்லை.

அதே ஊரின் ரயில் நிலையத்துக்கு அருகே பழைய புத்தகக் கடை நடத்தும் புன்கிச்சி, மிட்சுகோ என்னும் முதிய தம்பதியும் இப்படித்தான். அவர்களுடைய ஒரே மகன் கதாநாயகன் படிக்கும் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், விபத்தில் இறந்துவிட்டார். பள்ளி வளாகத்தில் அவருடைய நினைவைச் சுமக்கும் ஒரு பெர்சிமன் மரம் நிற்கிறது. அதன் இலை ஒன்றை எடுத்துப் போய்க் காட்டுவதிலிருந்துதான் இந்த உறவு தொடங்குகிறது. கிழவர் எப்போதும் எதையாவது மறக்கிறார், பையன் பசியாக இருப்பான் என்று கையில் பன்னைத் திணிக்கிறார், மனைவி அவரைக் கடிந்துகொள்கிறார். அந்தக் கடையில் பெரிதாக எதுவுமே நடப்பதில்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவன், ஒரு மாலைப் பொழுதை வயதான இருவருடன் கழிக்கிறான், அவ்வளவுதான். சண்டைக்கு என்ன பயன் என்று பார்த்தால் ஒரு குறிப்பிட்ட சீட்டின் ஆவிகள் வலுவாகும். ஆனால், அந்தக் கடைக்குப் போகிற யாரும் மூன்றாவது தடவைக்குப் பிறகு ஆவிகளுக்காகப் போவதில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

பெர்சோனா 3 விளையாட்டின் முதல் வடிவத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. பலர் அதைக் குறை என்றே சொல்வார்கள். சண்டையில் கதாநாயகனை மட்டும்தான் நாம் நேரடியாக இயக்கலாம். மற்றவர்களுக்குப் பொதுவான உத்தி ஒன்றைச் சொல்லலாம். என்ன செய்வதென்று அவர்களே முடிவெடுப்பார்கள். தோழி மிட்சுரு எதிரியைப் பனியால் தாக்காமல், மயக்கும் மந்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தோற்பது, ஆடியவர்கள் நடுவே இன்றைக்கும் பேசப்படுகிறது. கோபுரத்தில் நெடுநேரம் ஏறினால் தோழர்கள் களைத்துப்போவார்கள். களைத்தவர் அன்றிரவு பாதியிலேயே திரும்பிவிடுவார். ஆடுவதற்கு இது எரிச்சலூட்டியது உண்மை. ஆனாலும் அவர்கள் என் கட்டுப்பாட்டில் இல்லாத மனிதர்கள் என்ற எண்ணம் இதனால்தான் எனக்குள் ஊன்றியது. பிறகு வந்த பதிப்புகளில் எல்லோரையும் நாமே இயக்கலாம் என்று மாற்றினார்கள். ஆடுவது எளிதாகிவிட்டது, மிட்சுருவுக்குத் தனக்கென்று ஒரு மனம் இருந்தது மட்டும் போய்விட்டது.

குறையே இல்லாத விளையாட்டு என்று சொல்லவில்லை. அந்த முதல் வடிவத்தில் உடன் படிக்கும் பெண்களுடனான உறவு உச்ச நிலைக்குப் போனால் அது காதலாகத்தான் முடியும். வெறும் நட்பாக நிறுத்திக்கொள்ள வழியில்லை. ஒரே சமயத்தில் பலரைக் காதலிக்கிறவனாகக் கதாநாயகனை ஆக்கிவிடும் இந்த அமைப்பு, மற்ற இடங்களில் அவ்வளவு கவனமாக எழுதிய கைகளிலிருந்துதான் வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், ஒன்றாகச் சண்டையிடும் ஆண் தோழர்களுடன் உறவை வளர்க்க எந்த வழியும் வைக்கவில்லை. ஜுன்பெய், அகிஹிகோ, கென் எல்லோரும் ஒரே விடுதியில் இருக்கிறார்கள். அவர்களுடன் ஒரு மாலையைக் கழிக்க முடியாது.

2009 நவம்பரில் பி.எஸ்.பி. கருவிக்கு வந்த பெர்சோனா 3 போர்ட்டபிள், ஒரு பெண்ணைக் கதாநாயகியாகத் தேர்ந்தெடுக்கும் வழியைத் தந்து, அந்தப் பாதையில் இந்தக் குறையைத் தீர்த்தது. அந்தப் பாதையில்தான் ஷின்ஜிரோ அராகாகியுடன் பழக முடிகிறது. முரட்டுத் தோற்றமும் அக்கறையான மனமும் கொண்ட இவன் செப்டம்பரில் விடுதிக்கு வருகிறான். அக்டோபர் 4 இரவு, சிறுவன் கென்னைக் காப்பாற்றப் போய்த் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறான். பத்து நிலைகளையும் அந்தச் சில வாரங்களுக்குள் கடக்க வேண்டும். வேறு எல்லோரையும் ஒதுக்கிவைத்து இரவுகளை அவனுக்கே கொடுத்தால்தான் முடியும். அவன் தொலைத்த சட்டைப்பைக் கடிகாரத்தைத் தேடிக் கொடுத்து அந்த உறவை முழுமையாக்கியிருந்தால், குண்டு கடிகாரத்தில் படுகிறது. அவன் சாகாமல் மயக்க நிலைக்குப் போகிறான். முதல் முறை ஆடுகிறவருக்கு அக்டோபர் 4 என்பது மற்ற நாட்களைப் போல ஒரு நாள்தான். நடந்ததை அறிந்து இரண்டாம் முறை ஆடுகிறவருக்குச் செப்டம்பர் முழுவதும் வேறு மாதமாகிவிடுகிறது. நேரம்தான் விலை என்பதை இவ்வளவு நேரடியாகச் சொன்ன இன்னொரு காட்சியை நான் ஆடியதில்லை.

இந்த யோசனை 2006இல் திடீரென்று பிறந்ததல்ல. 1994இல் கொனாமி வெளியிட்ட டோக்கிமெக்கி மெமோரியல் ஆர்.பி.ஜி. அல்ல, மூன்று ஆண்டு பள்ளி வாழ்க்கையை நாள்காட்டியோடு நடத்தும் காதல் விளையாட்டு. ஒரு பெண்ணோடு பழகிவிட்டு அவளை நெடுநாள் கண்டுகொள்ளாமல் விட்டால் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெடிகுண்டுச் சின்னம் தோன்றும்; அது வெடித்தால் பள்ளியில் எல்லோருடைய பார்வையும் மாறிவிடும். புறக்கணிப்புக்கு விளைவு உண்டு என்பதை அந்த விளையாட்டு அப்போதே சொல்லிவிட்டது. 1996 செப்டம்பரில் சேகா சாட்டர்ன் கருவிக்கு வந்த சகுரா வார்ஸ் இதைச் சண்டையோடு இணைத்தது. 1923ஆம் ஆண்டின் டோக்கியோ. பகலில் மேடை நடிகைகளாக இருக்கும் பெண்கள், ஆபத்து வரும்போது நீராவியால் இயங்கும் கவச இயந்திரங்களில் ஏறிப் போரிடுகிறார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்க வரும் கடற்படை அதிகாரி ஓகாமிக்குக் கிடைக்கும் முதல் வேலை, அரங்க வாசலில் நின்று நுழைவுச் சீட்டுகளைக் கிழித்துக் கொடுப்பது. உரையாடல்களில் பதில் சொல்ல அவருக்குச் சில விநாடிகளே உண்டு. நேரக்கோடு கண்ணெதிரே குறைந்துகொண்டே வரும். எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் அந்த மௌனமும் ஒரு பதிலாகக் கணக்கில் சேரும். சில இடங்களில் மௌனமே சரியான பதில். இந்தப் பதில்களால் அந்தப் பெண்களுக்கு அவர்மேல் வளரும் நம்பிக்கையின் அளவு சண்டையில் அவர்களுடைய வலிமையாகத் திரும்பி வரும். பெர்சோனா நாட்களால் செய்ததை சகுரா வார்ஸ் விநாடிகளால் செய்துவிட்டிருந்தது.

அதே 1996இல், மே மாதம், சூப்பர் ஃபாமிகாம் கருவியில் வெளிவந்த, ஃபயர் எம்பளம் என்னும் போர் உத்தி விளையாட்டுத் தொடரின் நான்காம் பாகம் தலைமுறைகளையே அளவாக வைத்தது. போர்க்களத்தில் அருகருகே நிற்கும் வீரர்களுக்குள் காதல் வளர்கிறது. முதல் தலைமுறைக் கதை பேரழிவில் முடிகிறது. கதாநாயகன் சிகுர்டும் அவனுடைய தோழர்களில் பெரும்பாலோரும் அழிந்துபோகிறார்கள். ஆண்டுகள் கழித்து, அந்தத் தம்பதிகளின் பிள்ளைகள் கதையைத் தொடர்கிறார்கள். பெற்றோரின் திறமைகளும் ஆயுதங்களும் யார் யாரை மணந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பிள்ளைகளுக்கு வருகின்றன. ஒரு தாய் யாரையும் மணக்காமல் போயிருந்தால் அவளுடைய பிள்ளைகளின் இடத்தில் வேறு இருவர் வந்து நிற்கிறார்கள். உரையாடல்கள் மிகக் குறைவு. அந்தக் கால விளையாட்டில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. இருந்தாலும் இறந்தவர்களின் உறவு உயிரோடிருப்பவர்களின் கையில் வாளாக இருப்பதைப் பார்க்கும்போது, பல பக்க வசனங்கள் செய்ய முடியாததை ஓர் அமைப்பு செய்துவிடுகிறது என்பது புரியும்.

2002இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த ஆறாம் பாகம் சப்போர்ட் உரையாடல்களைக் கொண்டுவந்தது. இரண்டு வீரர்கள் களத்தில் பல சுற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவர்களுக்குள் பேச்சு தொடங்கும். ஒருவருக்கு மொத்தம் ஐந்து உரையாடல்கள்தான் என்ற வரம்பும் இருந்தது. செத்தவர் திரும்பி வராத தொடர் இது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். யாரை யாருக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்பது அங்கே வெறும் போர்த்தந்திரமாக இருக்கவில்லை. விற்பனை இறங்கிக்கொண்டே போய், 2012இல் வந்த அவேக்கனிங் 2,50,000 பிரதிகளுக்கு மேல் விற்காவிட்டால் தொடரையே நிறுத்திவிடும் நிலை இருந்தது என்று அதை உருவாக்கியவர்களே பின்னர் சொன்னார்கள். அந்தப் பாகம் திருமணத்தையும் பிள்ளைகளையும் மீண்டும் கொண்டுவந்தது; தொடர் பிழைத்துக்கொண்டது. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் விரும்பியபடி மணக்கலாம் என்று ஆனதும், உரையாடல்கள் பல இடங்களில் அவசர அவசரமாகத் திருமணப் பேச்சில் போய் முடிகின்றன.

அந்தத் தொடரில் உறவுகளை மிக ஆழமாகப் பயன்படுத்தியது 2019 ஜூலையில் ஸ்விட்சுக்கு வந்த த்ரீ ஹவுசஸ். கரேக் மாக் என்னும் மடாலயத்தில் நாம் ஆசிரியர். மூன்று நாடுகளின் மாணவர்கள் மூன்று பிரிவுகளாகப் படிக்கிறார்கள். ஒரு பிரிவைத்தான் நாம் தேர்ந்தெடுக்கலாம். விடுமுறை நாளில் மடாலயத்தைச் சுற்றி வந்து, மாணவர்கள் தொலைத்த பொருள்களைத் தேடித் தரலாம், சேர்ந்து சாப்பிடலாம், தேநீருக்கு அழைக்கலாம். அழைக்கப்படுபவருக்குப் பிடித்த தேயிலை எது என்று தெரிந்திருக்க வேண்டும். பிரிவுத் தலைவர்களில் எடல்கார்டுக்கு பெர்கமாட், டிமித்ரிக்கு கேமமைல். இதையெல்லாம் முதலில் ஓர் அலங்காரமாகவே எடுத்துக்கொண்டு கடந்து போகிறோம். டிமித்ரியோடு சாப்பாட்டு மேசையில் பலமுறை உட்கார்ந்த பிறகு, ஃப்ளேன் என்னும் பெண்ணுடன் அவன் பேசும் உரையாடல் ஒன்றில், சிறுவயதில் குடும்பத்தைக் கண்ணெதிரே பறிகொடுத்த நாளிலிருந்து நாக்கில் சுவையே தெரிவதில்லை என்று தெரியவருகிறது. அதுவரை அவன் நம்மோடு சாப்பிட்டதெல்லாம் நம்முடன் இருப்பதற்காகத்தான். யாரும் இதை நமக்கு விளக்கிச் சொல்வதில்லை. அடுத்த முறை உணவுக்கூடத்தில் அவன் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது நமக்கே உறைக்கிறது.

கதையின் நடுவில் போர் வெடித்து, ஐந்து ஆண்டுகள் கடந்துபோகின்றன. பள்ளிக் காலத்தில் மூன்று பிரிவுகளும் விளையாட்டாக மோதிக்கொண்ட க்ரோண்டர் சமவெளியில், அதே மூன்று படைகளும் இப்போது உண்மையாக மோதுகின்றன. நம் பக்கம் சேர்த்துக்கொள்ளாமல் விட்டவர்கள் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். அறையை விட்டு வெளியே வரவே பயந்து நடுங்கிய மாணவி பெர்னடெட்டா, களத்தின் நடுவிலிருக்கும் மேட்டில் பெரிய அம்பு எந்திரத்தின் பொறுப்பில் நிற்கிறாள். அந்த மேட்டுக்கே தீ வைக்கப்படுகிறது. ஆசிரியராக இருந்த காலத்தில் அவளுடைய அறைக் கதவுக்கு வெளியே நின்று பேசியிருக்கிறேன். ஆனால், என் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. வேறு மாணவர்களுக்குக் கொடுத்தேன். அது தவறு என்று விளையாட்டு எங்கேயும் சொல்வதில்லை. எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு விடுமுறை நாட்கள் இல்லை என்பது மட்டும்தான் அதன் விதி. அந்த விதியின் விலையைப் பத்து, பதினைந்து அத்தியாயம் கழித்து ஒரு போர்க்களத்தில் வசூலிக்கிறது.

மீண்டும் பெர்சோனாவுக்கு வருகிறேன். 2008இல் வந்த நான்காம் பாகம் இனாபா என்னும் சிற்றூரில் நடக்கிறது. தாய்மாமன் டோஜிமா வீட்டில் ஓராண்டு தங்கவரும் பையன்தான் கதாநாயகன். தொலைக்காட்சிக்குள் நுழைந்து கொலைகாரனைத் தேடும் கதை அது. எனக்கு அந்த விளையாட்டு என்றால் டோஜிமாவின் வீட்டுக் கூடம்தான். துப்பறியும் காவலரான மாமன் பாதிச் சாப்பாட்டில் தொலைபேசி வந்து எழுந்து போகிறார். அவருடைய சின்ன மகள் நானாகோ கடையில் வாங்கிய உணவோடு தொலைக்காட்சி முன் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய தாய் சாலை விபத்தில் இறந்தவர். இடித்தவர் நிற்காமல் போய்விட்டார். மனைவியைக் கொன்றவரைத் தேடுவதில் ஒளிந்துகொண்டு, மகளின் முகத்தைப் பார்க்க அஞ்சுகிற தந்தை டோஜிமா. இந்த இருவருடனும் உறவு வளர்வது இரவு நேரத்தில், வீட்டுக்குள்ளேயே. காப்பி போடுவது அந்த வீட்டில் டோஜிமாவின் வேலை. உறவு நிறைவடையும்போது நமக்கென்று தனியாக ஒரு கோப்பை கிடைக்கிறது. ஒரு வாளையோ கவசத்தையோ பெற்றபோது வராத மகிழ்ச்சி அந்தக் கோப்பைக்கு வந்தது.

நவம்பர் தொடக்கத்தில் நானாகோ கடத்தப்படுகிறாள். அவளைத் துரத்திப் போன டோஜிமாவும் காயம்பட்டு மருத்துவமனையில் சேர்கிறார். அதன் பிறகு மாலையில் வீட்டுக்கு வந்தால் வரவேற்க யாரும் இல்லை. தினமும் கேட்டுக் கேட்டு, கவனிக்காமலேயே பொத்தானை அழுத்திக் கடந்து போன அந்த வரவேற்பு வரி இல்லாமல் போனதும்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. அவர்களுடனான உறவை அதற்குள் முடிக்காதவர்கள் அந்த ஆட்டத்தில் இனி முடிக்கவும் முடியாது. ஊரைக் காப்பாற்றுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கூடத்தில் மறுபடி மூன்று பேர் உட்கார வேண்டும் என்பதற்காகவே டிசம்பரை ஆடி முடித்தேன்.

2016 செப்டம்பரில் வந்த ஐந்தாம் பாகத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். டோக்கியோவின் நெரிசலையும், யொங்கென்-ஜாயா என்னும் பகுதியின் குறுகலான தெருவையும், கதாநாயகன் தங்கியிருக்கும் சோஜிரோவின் காப்பிக் கடையையும் அவ்வளவு உயிரோட்டமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு உறவும் அங்கே ஓர் ஒப்பந்தமாகத் தொடங்குகிறது. மருத்துவரிடம் மருந்துச் சோதனைக்கு உடம்பைக் கொடுத்தால் மருந்து கிடைக்கும். ஆயுதக் கடைக்காரருக்கு உதவினால் துப்பாக்கிகளை மேம்படுத்தித் தருவார். ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கம் ஆடும் பெண்ணுடன் பழகினால் சண்டை நடுவில் ஆள் மாற்றலாம். எந்த நிலையில் என்ன கிடைக்கும் என்ற பட்டியலும் கண்ணெதிரே இருக்கிறது. சமூகத்தால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களோடு பேரம் பேசித்தான் பிழைக்க முடியும் என்ற கதைக்கு அது பொருந்துகிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதன் விளைவு என்னவென்றால், பயனுள்ளவர் முதலில், பயனற்றவர் பிறகு என்று மனம் தானாகவே வரிசைப்படுத்தத் தொடங்கிவிடுகிறது. அகினாரியிடம் போகும்போது இந்த வரிசை என் மனத்தில் எழுந்ததே இல்லை. இந்தப் பாகத்தில் எனக்குப் பிடித்தவர் ஷிபுயா நிலையத்தின் முன் நின்று, யாரும் கேட்காத தேர்தல் பேச்சைப் பேசிக்கொண்டிருக்கும் யோஷிதா. பழைய ஊழல் ஒன்றின் கறையோடு, தோற்றுத் தோற்றும் நிற்கிறார். மாட்டிறைச்சிச் சாதக் கடையில் பகுதி நேர வேலை செய்யும்போது அவரைச் சந்திக்கிறோம். பிறகு அவருடைய பதாகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறோம். கூட்டம் ஒவ்வொருவராகச் சேர்வதை மாலை மாலையாக நின்று பார்க்கலாம்.

ஹாஷினோ 2024 அக்டோபரில் மெட்டஃபர்: ரீஃபாண்டாசியோ என்னும் புதிய உலகத்தோடு வந்தார். அங்கும் நாள்காட்டி உண்டு, தோழர்கள் உண்டு, எட்டு நிலைகள். ஆனால் பதில் பொருத்தமாக இல்லாவிட்டாலும் உறவு பின்வாங்குவதில்லை. கொஞ்சம் திட்டமிட்டால் ஒரே ஆட்டத்தில் எல்லோரையும் நிறைவு செய்துவிடலாம். வேலை, குடும்பம் என்று இருக்கிறவர்கள் நூறு மணி நேரத்தை இரண்டு முறை செலவிட முடியாது என்ற கரிசனம் அதில் இருக்கலாம். நன்றியோடு ஆடினேன். தோழன் ஹெய்ஸ்மேயின் கதையில் கண் கலங்கவும் செய்தேன். ஆனால், யாரையும் இழக்கும் அச்சம் எனக்கு அதில் வரவே இல்லை. பெர்சோனா 3 முதல் வடிவத்தில் ஒருவரை நெடுநாள் சந்திக்காமல் விட்டாலோ, மனம் நோகப் பேசினாலோ அவருடைய சீட்டு தலைகீழாகிவிடும். சமாதானம் செய்யும்வரை அந்தச் சீட்டின் ஆவிகள் நமக்கு உதவ மாட்டா. அதற்கும் மேல் போனால் உறவே முறிந்துவிடும். பிற்காலப் பாகங்களில் இந்தக் கடுமை படிப்படியாகக் கரைந்துவிட்டது. கோபித்துக்கொள்ள முடியாத நண்பர்களிடம் நானும் கொஞ்சம் அலட்சியமாக நடந்துகொள்வதைக் கவனித்தேன்.

ஃபால்கம் நிறுவனத்தின் கிசெகி (ஆங்கிலத்தில் ட்ரெயில்ஸ்) தொடரையும் சொல்லாமல் விட முடியாது. 2013இல் வந்த ட்ரெயில்ஸ் ஆஃப் கோல்ட் ஸ்டீல், ஓய்வு நாளில் சந்திக்கக்கூடிய தோழர்களை விடக் குறைவான வாய்ப்புகளையே தருகிறது. சிலரை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தத் தொடரின் உண்மையான பலம் எந்த அளவுகோலிலும் சேராத ஊர்க்காரர்கள். கதை கொஞ்சம் நகர்ந்தாலும் ஒவ்வொருவருடைய பேச்சும் மாறுகிறது. ஒரு பயனும் இல்லாமல் தெருத்தெருவாகப் போய் அவர்களிடம் பேசுகிறவர்களை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன்.

பெர்சோனா 3 கதையில் டிசம்பர் 31 அன்று வரும் தேர்வு இந்த முழு விஷயத்தையும் ஆடுகிறவரின் முன் வைக்கிறது. ரியோஜி என்னும் நண்பன், தான் யார் என்பதைச் சொல்லிவிட்டு, தன்னைக் கொன்றுவிடும்படி கேட்கிறான். கொன்றால், நடந்த போராட்டமெல்லாம் எல்லோருடைய நினைவிலிருந்தும் அழிந்துவிடும். வரப்போகும் முடிவு தெரியாமல் வசந்தம் வரை நிம்மதியாக இருக்கலாம். மறுத்தால், முடிவு தெரிந்தே அதை எதிர்கொள்ள வேண்டும். முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் விளையாட்டு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நினைவைக் கொடுத்து நிம்மதியை வாங்கும் அந்த முடிவை, நண்பர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண மாலையாகக் காட்டியிருக்கிறார்கள். அதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். சேவ் செய்து வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

புதிதாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியில் வந்த பெர்சோனா 3 ரீலோட் எளிதாகக் கிடைக்கும். ஆண் தோழர்களுடனான தனி அத்தியாயங்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். பெண் கதாநாயகியின் பாதை மட்டும் அதில் இல்லை. ஷின்ஜிரோவுடன் செப்டம்பரைக் கழிக்க வேண்டுமென்றால் 2023 ஜனவரியில் இப்போதைய கருவிகளுக்கும் கணினிக்கும் மறுபடி வெளியான போர்ட்டபிள் பதிப்புக்குத்தான் போக வேண்டும். எந்தப் பதிப்பானாலும் முதல் ஆட்டத்தில் நாள்வாரி வழிகாட்டிகளைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தேதியில் யாரிடம் போய் என்ன பதில் சொன்னால் எல்லோரும் பத்தாம் நிலையை எட்டுவார்கள் என்ற அட்டவணைகள் இணையத்தில் நிறையவே இருக்கின்றன. அவை இரண்டாம் ஆட்டத்துக்கு உதவும். முதல் முறை உங்களுக்குப் பிடித்தவர்களிடம் போங்கள். பாதியில் நிற்கும் உறவுகள் பாதியிலேயே நிற்கட்டும். மைகோ என்னும் சிறுமியோடு கோவில் வளாகத்தில் விளையாடத் தொடங்கினால்தான் பிறகு அகினாரியைச் சந்திக்கும் வழி திறக்கும் என்பதை மட்டும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.